ரிப்போர்ட்டில் 'இன் சிட்டூ' என்று இருந்தால் புற்றுநோயா?

அம்மாவுக்கு வேறு ஏதோ அறுவை சிகிச்சை. கூடவே ஒரு நிணநீர்க் கணுவையும் எடுத்துச் சோதித்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். ரிப்போர்ட்டில் 'இன் சிட்டூ ஃபாலிக்குலர் நியோபிளேசியா' என்று ஒரு வரி. நீங்க உடனே இணையத்தில் தேடுவீங்க. 'லிம்ஃபோமா' என்ற சொல் கண்ணில் படும். அன்றிரவு தூக்கம் போச்சு.

கொஞ்சம் பொறுங்க. அது நிணநீர்ப் புற்றுநோய் இல்லை. அதற்கு முந்திய நிலை.

நிணநீர்க் கணுவுக்குள் குட்டிக் குட்டி உருண்டைகள் உண்டு. கிருமிகளை எதிர்க்க 'பி' உயிரணுக்கள் பயிற்சி எடுக்கும் இடம் அது. தேறாதவை அங்கேயே மடிய வேண்டும். அதனால், உயிரணுவைச் சாகவிடாமல் காக்கும் பிசிஎல்2 புரதம் அங்கே பொதுவாக அடங்கியிருக்கும். ஆனால் 14ஆம், 18ஆம் குரோமோசோம்களின் துண்டுகள் இடம் மாறிவிட்டால் அந்தப் புரதம் ஓயாமல் உற்பத்தியாகும். மடிய வேண்டிய உயிரணு தங்கிவிடும். (ஆரோக்கியமாக இருக்கும் பலரின் ரத்தத்திலும் இந்த மாற்றம் கொண்ட உயிரணுக்கள் இருக்கின்றன!)

சிக்கல் என்னன்னா, ஆய்வுக்கூடத்தின் வழக்கமான இளஞ்சிவப்பு-ஊதாச் சாயத்தில் இது பிடிபடாது. கணு நார்மலாகவே தெரியும். பிசிஎல்2 புரதத்தைக் காட்டும் தனிச் சாயம் ஏற்றினால்தான், அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில உருண்டைகள் அடர்பழுப்பில் பளிச்சென்று தெரியும்.

அதோடு முடிவதில்லை. லிம்ஃபோமாவிலும் அதே பழுப்பு வரலாம். அதில் உருண்டைகள் பெருத்து, ஒன்றையொன்று நெருக்கி, கணுவின் அமைப்பையே குலைத்துவிடும். முந்திய நிலையில் அமைப்பு கலையாது. உருண்டைகளின் அளவு மாறாது, சுற்றியுள்ள விளிம்பும் தெளிவாக இருக்கும். நோய்க்கூறியல் நிபுணர் தேடுவது இந்த வித்தியாசத்தைத்தான்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் 2008 வகைப்பாட்டில் இதன் பெயரிலேயே 'லிம்ஃபோமா' இருந்தது. 2016 திருத்தத்தில் அதை எடுத்துவிட்டார்கள். நல்ல முடிவு. பின்னாளில் இது லிம்ஃபோமாவாக மாறும் வாய்ப்பு ஏறக்குறைய 5 விழுக்காடு அல்லது அதற்கும் குறைவு. பெயரைப் பார்த்தே பலர் நடுங்கியிருப்பார்கள்.

அதுக்காக ரிப்போர்ட்டை மடித்து அலமாரியில் வைத்துவிடாதீங்க. சிலருக்கு அதே நேரத்தில் உடலின் வேறோர் இடத்தில் உண்மையான லிம்ஃபோமா இருப்பது தெரியவந்திருக்கிறது. எனவே மருத்துவர் கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் தடவிப் பார்ப்பார். ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் எடுக்கச் சொல்லலாம். எங்கும் எதுவும் இல்லையென்றால் கீமோதெரப்பி தேவையில்லை. அவ்வப்போது செக்கப் போதும்.

அடுத்த அப்பாயின்ட்மென்ட்டுக்கு அம்மாவோடு நீங்களும் போங்க. "வேற எங்கயும் இல்லைன்னு பார்த்துட்டீங்களா, டாக்டர்?" என்று கேளுங்க.