மாத்திரை போட்டும் நெஞ்செரிச்சல் நிற்கவில்லையா?

மளிகைச் சாமான் லிஸ்ட்டோடு ‘கேஸ் மாத்திரை’யும் ஓர் அட்டை வாங்கிவிடும் வீடுகள் நிறைய. ஆனால், அதைச் சாப்பிடும் நேரத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

பான்டோபிரசோல், ஒமிப்ரசோல் போன்றவை, ஏற்கெனவே சுரந்துவிட்ட அமிலத்தை ஒன்றும் செய்யாது. இரைப்பைச் சுவரில் அமிலத்தைச் சுரக்கும் ‘பம்ப்’களை அடைப்பதுதான் இவற்றின் வேலை. சாப்பாடு உள்ளே போகும்போது அந்த பம்ப்கள் முழுவீச்சில் இயங்கும். அதற்குள் மருந்து ரத்தத்தில் கலந்திருக்க வேண்டும். அதனால்தான் காலை உணவுக்கு 30 முதல் 60 நிமிடங்களுக்கு முன்பு சாப்பிடச் சொல்கிறார்கள். இட்லியும் காபியும் முடித்து, எரிச்சல் வந்தபிறகு விழுங்கினால் முழுப்பலன் கிடைக்காது. சரியாகச் சாப்பிட்டாலும் பலன் தெரியச் சில நாள்கள் ஆகும்.

உணவுக்குழாயின் அடியில் ஒரு தசை வளையம் இருக்கிறது. அது தளர்ந்தால் அமிலம் மேலேறும். தொப்பை, கர்ப்பகாலம், புகைப்பழக்கம் எல்லாம் இதற்குக் காரணமாகலாம். காரக்குழம்பின் மேல் பழிபோடுபவர்கள், இரவு பத்து மணிக்குச் சாப்பிட்டதும் படுப்பதை மறந்துவிடுகிறார்கள். இரண்டு, மூன்று மணி நேர இடைவெளி அவசியம். இரண்டு தலையணை வைத்தால் வயிறுதான் மடங்கி அழுந்தும். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் 15 முதல் 20 செ.மீ. உயர மரக்கட்டை வையுங்கள். இடதுபக்கம் ஒருக்களித்துப் படுத்தால் இன்னும் நல்லது.

பல வருடங்கள் அமிலம் பட்டுப்பட்டு, உணவுக்குழாயின் உட்பரப்பே சிலருக்குக் குடலின் உட்பரப்பைப்போல மாறிவிடும். 1950-ல் இதைப் பற்றி எழுதிய பிரிட்டிஷ் அறுவைசிகிச்சை நிபுணர் நார்மன் பாரெட் பெயரால், ‘பாரெட் உணவுக்குழாய்’ என்கிறார்கள். இவர்களில் சிறு பகுதியினருக்குத்தான் அது புற்றுநோயாகிறது. சிக்கல் என்னவென்றால், மாறிய பரப்புக்கு எரிச்சல் அவ்வளவாக உறைக்காது. ஆகவே, ‘எரிச்சல் தானாகக் குறைந்துவிட்டது’ என்பது எப்போதும் நல்ல செய்தியல்ல. பல வருட எதுக்களிப்போடு 50 வயதைத் தாண்டியவர்கள், குறிப்பாகத் தொப்பையும் புகைப்பழக்கமும் உள்ள ஆண்கள், எண்டோஸ்கோப்பி தேவையா என்று டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

விழுங்கும்போது உணவு சிக்குவது, காரணமில்லாமல் எடை குறைவது, ரத்த வாந்தி, தார்போல் கறுத்த மலம்... இவற்றில் எது வந்தாலும் வயதைப் பார்க்காமல் உடனே டாக்டரிடம் போக வேண்டும். நெஞ்சுவலியோடு வியர்த்துக்கொட்டினாலோ, வலி கைக்கும் தாடைக்கும் பரவினாலோ, கேஸ் என்று சோடா குடித்துக்கொண்டிருக்காதீர்கள்; முதலில் இ.சி.ஜி.

எண்டோஸ்கோப்பி என்றதும் பயப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: தொண்டையை மரத்துப்போகச் செய்ய ஸ்பிரே அடிப்பார்கள். பெரும்பாலும் சில நிமிடங்களில் முடிந்துவிடும்.