500 மணி நேரம்! "டீ வாங்க வரலை சார், தொழில் கத்துக்க வந்தேன்!"

மருந்துக்கடையில் பயிற்சிக்கு நின்ற மாணவன் கேட்ட ஒரே கேள்வி; மீன்காரப் பெண் உயிர் தப்பினார்

சென்னை:

வாரத்துக்கு ஒன்று சாப்பிட வேண்டிய மாத்திரையைத் தினமும் சாப்பிட்டு வந்தார், மீன் விற்கும் ஒரு பெண். மருந்துக்கடையில் பயிற்சிக்கு நின்ற 20 வயது மாணவன் கேட்ட ஒரு கேள்வி அவர் உயிரைக் காப்பாற்றியது.

இது பற்றிய விவரம் வருமாறு:-

வியாசர்பாடியைச் சேர்ந்த அந்த மாணவன் டி.பார்ம் படிப்பவன். பிளஸ் டூ முடித்துச் சேரும் இரண்டு வருடப் படிப்பு அது. அம்மா வீட்டு வாசலில் இட்லிக் கடை போட்டு மகனைப் படிக்க வைத்தார். கல்லூரிப் பணத்துக்கு வாங்கிய கடன் இன்னும் பாக்கி.

பரீட்சை எழுதியதும் வேலை கிடைத்துவிடும் என்றுதான் தாயும் மகனும் நினைத்திருந்தார்கள். ஆனால் பரீட்சைக்குப் பிறகும் ஒரு படி இருக்கிறது. அதுதான் பயிற்சி.

சட்டம் சொல்வது என்ன?

ஆஸ்பத்திரி மருந்தகத்திலோ, லைசென்ஸ் பெற்ற மருந்துக்கடையிலோ 500 மணி நேரம் பயிற்சி பெற வேண்டும். அதை 3 மாதத்துக்குக் குறையாமல் பரப்பிச் செய்ய வேண்டும். அவசரமாக ஒரே மாதத்தில் முடித்துவிட முடியாது. இதில் 250 மணி நேரத்துக்குக் குறையாமல், டாக்டர் சீட்டைப் பார்த்து மருந்து எடுத்துக் கொடுக்கும் வேலையே செய்திருக்க வேண்டும்.

ஒரு நாளைக்கு 6 மணி நேரம் நின்றால் 84 நாள் ஆகும். இது முடிந்து, கடைக்காரரின் கையெழுத்தும் கல்லூரியின் ஒப்புதலும் கிடைத்த பிறகுதான் தமிழ்நாடு பார்மசி கவுன்சிலில் பெயரைப் பதிவு செய்ய முடியும். பதிவு இல்லாதவர் பார்மசிஸ்ட் அல்ல.

ஒரே ஒரு பார்மசிஸ்ட் இருக்கிற கடையில் 2 பேருக்கு மேல் பயிற்சிக்கு வைக்கக் கூடாது என்று 1991-ம் ஆண்டு விதி சொன்னது. கூட்டம் சேர்ந்தால் யாருக்கும் கற்றுக் கொடுக்க முடியாது என்பதுதான் காரணம்.

"மூணு டீ சொல்லு!"

மாணவன் முதலில் சேர்ந்த கடை பெரிய கடை. கண்ணாடிக் கதவு, குளுகுளு வசதி எல்லாம் உண்டு. முதல் நாளே வெள்ளைக் கோட்டை மடித்துப் பையில் வைக்கச் சொல்லிவிட்டார்கள்.

"தம்பி, போய் மூணு டீ சொல்லிட்டு வா."

"இந்தப் பார்சலை நாலாவது தெருவுல குடுத்துட்டு வா."

"குடோன்ல பெட்டி வந்திருக்கு, எறக்கு."

இப்படியே 20 நாள் ஓடியது. கணக்குப்படி 120 மணி நேரம். அந்த 120 மணி நேரத்தில் அவன் ஒரு டாக்டர் சீட்டைக் கூடக் கையில் வாங்கிப் படிக்கவில்லை.

அந்தக் கடையின் சுவரில் ஒரு பார்மசிஸ்ட் சர்டிபிகேட் கண்ணாடிச் சட்டத்தில் தொங்கியது. சர்டிபிகேட்டுக்கு உரியவரை மாணவன் ஒரு நாளும் பார்க்கவில்லை. மருந்து எடுத்துக் கொடுத்தவர்கள் எல்லாம் அனுபவத்தில் கற்ற பையன்கள்.

21-ம் நாள் மாணவன் முதலாளியிடம் போய் நின்றான்.

"சார், நான் டீ வாங்க வரலை. தொழில் கத்துக்க வந்தேன். சீட்டு பார்க்க விடுங்க சார்."

முதலாளி சிரித்துவிட்டார்.

"இதுக்கு ஏம்ப்பா தெனம் வர்றே? வீட்டுல இரு. மூணு மாசம் கழிச்சு வா, கையெழுத்து போட்டுக் குடுத்துடறேன். அவ்வளவுதானே உனக்கு வேணும்?"

வேறு ஒருவனாக இருந்தால் சந்தோஷமாக வீட்டுக்குப் போயிருப்பான். கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டு பார்மசிஸ்ட் ஆனவர்கள் ஊரில் இல்லாமல் இல்லை. இவன் அன்று ராத்திரி அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னான்.

"பொய்க் கையெழுத்துல வாங்குற வேலை வேணாம்டா. இன்னும் மூணு மாசம் இட்லி சுட்டா எனக்குக் கையா ஒடைஞ்சுடும்?" என்றார் தாய்.

120 மணி நேரத்தை அப்படியே விட்டுவிட்டான்.

அம்மாளின் கடை

வண்ணாரப்பேட்டையில் ஒரு சின்ன மருந்துக்கடை. கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் அரசு ஆஸ்பத்திரியில் பார்மசிஸ்டாக வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஓர் அம்மாள். கல்லூரியில் சொல்லிப் புதிதாகப் பயிற்சிப் பத்திரம் எழுதி, மாணவன் அங்கே சேர்ந்தான். மணிக் கணக்கு மறுபடி பூஜ்யத்தில் இருந்து ஆரம்பித்தது.

முதல் நாளே அம்மாள் சொன்னது இதுதான்:-

"தம்பி, மொதல்ல வாயால கேளு. அப்புறம் கண்ணால படி. கடைசியாத்தான் கையால எடு. இந்த வரிசை மாறக் கூடாது."

முதல் வாரம் முழுக்க அலமாரிப் பாடம். இன்சுலின் பிரிட்ஜில் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஐஸ் பெட்டியில் வைத்து உறைந்து போனால் குப்பைக்குத்தான். காலாவதித் தேதி முதலில் வருகிற பெட்டி முன்னால், பிறகு வருகிறது பின்னால்.

அடுத்து சீட்டுப் பாடம். "பி.டி." என்றால் தினம் இரண்டு வேளை. "டி.டி.எஸ்." என்றால் மூன்று வேளை. "எச்.எஸ்." என்றால் படுக்கப் போகும்போது. "எஸ்.ஓ.எஸ்." என்றால் தேவைப்பட்டால் மட்டும். மருந்தின் மூலப் பெயரைப் புரியும்படி, முடிந்தால் பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்று 2016-ம் ஆண்டிலேயே டாக்டர்களுக்கு மருத்துவ கவுன்சில் விதி போட்டது. ஆனாலும் கோழி கிளறிய மாதிரி எழுதிய சீட்டு இன்றும் வருகிறது.

"புரியலைன்னா டாக்டருக்கு போன் போடு. குத்துமதிப்பா எடுக்காதே. 'மெட்' வரைக்கும் படிச்சுட்டு எடுத்தா, அது சக்கரைக்குக் குடுக்குற மெட்ஃபார்மினா, சீதபேதிக்குக் குடுக்குற மெட்ரோனிடசோலா?" என்றார் அம்மாள்.

மூன்றாவது பாடம் நோட்டுப் பாடம். "எச் 1" பட்டியலில் உள்ள மருந்துகளைக் கொடுத்தால், டாக்டர் பெயர், முகவரி, நோயாளி பெயர், மருந்து, அளவு எல்லாம் தனி ரிஜிஸ்டரில் எழுத வேண்டும். அந்த ரிஜிஸ்டரை 3 வருடம் காப்பாற்ற வேண்டும். 2014-ம் ஆண்டு மார்ச் 1-ந்தேதி முதல் இது நடைமுறையில் உள்ளது. வீரியமான ஆன்டிபயாடிக்குகள், காசநோய் மருந்துகள், சில தூக்க மாத்திரைகள் இந்தப் பட்டியலில் வரும்.

கை நழுவிய நாள்

இரண்டாவது வாரம் மாணவனே ஒரு தப்பு செய்தான்.

கைக்குழந்தையோடு ஓர் இளம் தாய் வந்தார். குழந்தைக்குக் காய்ச்சல். சீட்டில் பாராசிட்டமால் சிரப், 5 மில்லி என்று இருந்தது. கடையில் கூட்டம். மாணவன் அவசரத்தில் பாராசிட்டமால் என்ற பெயரை மட்டும் பார்த்து ஒரு புட்டியை எடுத்தான். பையில் போடும்போது அம்மாள் கையைப் பிடித்தார்.

அவன் எடுத்தது சிரப் அல்ல, சொட்டு மருந்து!

சிரப்பில் 5 மில்லிக்கு 120 மில்லிகிராம் மருந்து. சொட்டு மருந்தில் ஒரு மில்லிக்கே 100 மில்லிகிராம். அதில் 5 மில்லி கொடுத்தால் 500 மில்லிகிராம். பெரியவர்கள் போடுகிற முழு மாத்திரை அளவு, ஒரே மடக்கில் குழந்தை வயிற்றில்!

அம்மாள் திட்டவில்லை. தாயை அனுப்பிவிட்டு, இரண்டு புட்டியையும் மேஜையில் வைத்து, கணக்கைப் பேப்பரில் போட்டுக் காட்டச் சொன்னார். போட்டு முடித்தபோது மாணவனுக்குக் கை நடுங்கியது. அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

"நீங்க பார்க்கலைன்னா என்னம்மா ஆகியிருக்கும்?" என்று மறுநாள் கேட்டான்.

"அதுக்குத்தான் பக்கத்துல நான் நிக்கிறேன். நான் இல்லாத கடையில நீ நின்னா, உன் பக்கத்துல யாரு நிப்பா?" என்றார் அம்மாள்.

மீன்காரப் பெண்

இதற்கு ஒரு மாதம் கழித்துத்தான் அந்தச் சம்பவம் நடந்தது.

மதியம் 2 மணி. கடையில் கூட்டம் இல்லை. காசிமேட்டுப் பக்கம் மீன் விற்கும் நடுத்தர வயதுப் பெண்மணி ஒருவர் வந்தார். விரல் மூட்டெல்லாம் வீங்கி, மீன் வெட்டும் கத்தியைப் பிடிக்க முடியாமல் டாக்டரிடம் போனவர். கையில் காலி அட்டையையும் டாக்டர் சீட்டையும் வைத்திருந்தார்.

"தம்பி, இதே மாதிரி இன்னொரு அட்டை குடு. எங்க தெரு கடை மூடிக்கீது."

அட்டை மெத்தோட்ரெக்சேட். முடக்கு வாதத்துக்குக் கொடுக்கும் மருந்து. மாணவன் முதலில் எடுக்கவில்லை. சீட்டைப் படித்தான். அதில் இரண்டு மருந்து. மெத்தோட்ரெக்சேட் 7.5 மில்லிகிராம், வாரம் ஒரு முறை, 4 மாத்திரை. போலிக் ஆசிட், மற்ற நாட்களில்.

சீட்டின் தேதியைப் பார்த்தான். பத்து நாள்தான் ஆகியிருந்தது. நான்கு மாத்திரை எழுதிய இடத்தில் பத்து மாத்திரை அட்டை காலி!

"அம்மா, இதை எத்தினி நாளைக்கு ஒண்ணு போடறீங்க?"

"தெனம் ராத்திரி ஒண்ணு போட்டுக்கினு வரேன்பா. இன்னொரு மாத்திரைதான் வாரத்துக்கு ஒண்ணுன்னான் அந்தப் பையன். நாலு நாளா வாயெல்லாம் புண்ணு. கஞ்சி கூட எறங்கல. ஜொரம் வேற அடிக்குது."

மாணவன் திடுக்கிட்டான். தெருக் கடையில் கொடுத்தவர் இரண்டு மருந்தையும் மாற்றிச் சொல்லியிருக்கிறார்! தினம் போட வேண்டியது வாரத்துக்குப் போய், வாரத்துக்குப் போட வேண்டியது தினத்துக்கு வந்துவிட்டது. இரண்டுமே சின்ன மஞ்சள் மாத்திரைகள். கவரில் பேனாவால் "0-0-1" என்று எழுதியிருந்தது. எழுத்துப் படிக்கத் தெரியாத அந்தப் பெண், சொன்னதை அப்படியே செய்திருக்கிறார்.

வாரம் ஒன்று என்றால் அது மருந்து. தினம் ஒன்று என்றால் அதுவே விஷம். எலும்புக்குள் ரத்தம் ஊறுவதை அது தடுத்துவிடும். வாய்ப்புண்ணும் காய்ச்சலும் அதன் எச்சரிக்கை மணி. விட்டால் உயிருக்கே ஆபத்து.

"அம்மா!" என்று அவன் போட்ட சத்தத்தில், உள்ளே சாப்பிட்டுக் கொண்டிருந்த பார்மசிஸ்ட் அம்மாள் கையைக் கூடக் கழுவாமல் ஓடி வந்தார். உடனே டாக்டருக்கு போன் பறந்தது. அடுத்த 10 நிமிடத்தில் ஆட்டோ வந்தது. சீட்டும் காலி அட்டையும் கையோடு, மாணவனே அந்தப் பெண்ணை அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனான்.

ரத்தப் பரிசோதனையில் வெள்ளை அணுக்கள் மிகவும் குறைந்திருந்தது தெரிந்தது. உடனே அவரைச் சேர்த்துக் கொண்டார்கள். மாற்று மருந்து ஊசி போடப்பட்டது. "இன்னும் ரெண்டு மூணு நாள் இதே மாத்திரையைப் போட்டிருந்தா எங்க கையில எதுவும் இருந்திருக்காது" என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

சில நாள் கழித்து அவர் குணமாகி வீடு திரும்பினார்.

யார் குற்றம்?

பதிவு பெற்ற பார்மசிஸ்ட் தவிர வேறு யாரும் டாக்டர் சீட்டுக்கு மருந்து கலந்து கொடுக்கவோ எடுத்துக் கொடுக்கவோ கூடாது என்று 1948-ம் ஆண்டு பார்மசி சட்டத்தின் 42-வது பிரிவு சொல்கிறது. மீறினால் தண்டனை உண்டு. பார்மசிஸ்டின் நேரடிக் கண்காணிப்பில்தான் கொடுக்க வேண்டும் என்று 1945-ம் ஆண்டு மருந்து விதிகளும் சொல்கின்றன.

அந்தக் காலத்தில் கம்பவுண்டர்கள் கண்ணாடிப் புட்டியில் மிக்சர் கலந்து, வேளைக்கு இவ்வளவு என்று காகிதத்தைப் பல் பல்லாக வெட்டி ஒட்டிக் கொடுத்தார்கள். எழுத்துத் தெரியாதவருக்கும் அளவு தெரிந்தது. இன்று எல்லாம் அட்டையில் ரெடியாக வருகிறது. "அட்டையை எடுத்து நீட்ட எதற்குப் படிப்பு?" என்று கேட்கிற முதலாளிகளும் இருக்கிறார்கள். மீன்காரப் பெண்ணின் தெருவில் அன்று நீட்டியதும் ஓர் அட்டைதான்.

சுவரில் சர்டிபிகேட் மட்டும் தொங்கும் கடைகளை அதிகாரிகள் கண்டுபிடிக்க வேண்டும். 500 மணி நேரத்துக்குப் பொய்க் கையெழுத்துப் போடுகிறவர்களையும் விடக் கூடாது. இன்றைக்கு டீ வாங்கி வந்தே சர்டிபிகேட் வாங்குகிற மாணவன்தான், நாளைக்கு உங்கள் வீட்டுக் குழந்தைக்கு மருந்து எடுத்துக் கொடுக்கப் போகிறவன்.

வாங்குகிறவர்கள் கவனிக்க!

பயிற்சி மாணவனுக்கு அம்மாள் சொல்லிக் கொடுத்ததில் பொதுமக்களுக்கும் பாடம் இருக்கிறது.

* கடையில் பார்மசிஸ்ட் யார் என்று தயங்காமல் கேளுங்கள்.

* ஒவ்வொரு மருந்தும் எதற்கு, எத்தனை நாளைக்கு, ஒரு நாளைக்கு எத்தனை வேளை என்று வாயால் சொல்லச் சொல்லுங்கள். பிறகு நீங்கள் திருப்பிச் சொல்லுங்கள்.

* சீட்டில் எழுதிய எண்ணிக்கையும் கையில் வாங்கிய எண்ணிக்கையும் ஒன்றா என்று பாருங்கள்.

* குழந்தை மருந்து என்றால் சொட்டா, சிரப்பா என்று பாருங்கள். அதோடு வரும் அளவு மூடியையே பயன்படுத்துங்கள். சமையல் கரண்டி வேண்டாம்.

* மருந்து சாப்பிட ஆரம்பித்த பிறகு வாய்ப்புண், காய்ச்சல், உடம்பில் தடிப்பு வந்தால் உடனே டாக்டரிடம் போங்கள். சீட்டையும் அட்டையையும் எடுத்துப் போங்கள்.

இன்னும் 60 மணி நேரம்

மாணவனின் பயிற்சி முடிய இன்னும் 60 மணி நேரம் பாக்கி. அம்மாள் தினமும் அவன் நோட்டில் மணியைப் பார்த்துத்தான் கையெழுத்துப் போடுகிறார். ஒரு நாள் அவன் அரை மணி தாமதமாக வந்தான். அந்த அரை மணியைக் கழித்தே எழுதினார்.

சென்ற வாரம் மீன்காரப் பெண்மணி கடைக்கு வந்தார். முகம் தெளிந்திருந்தது. ஒரு பொட்டலத்தில் நெத்திலிக் கருவாடு கொண்டு வந்திருந்தார்.

"உங்க அம்மா கையில குடுப்பா. நல்ல புள்ளையைப் பெத்துக்கீறாங்கன்னு நான் சொன்னேன்னு சொல்லு" என்றார்.

பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்து, புதுச் சீட்டை எடுத்து நீட்டினார்.

மாணவன் மாத்திரையை எடுக்கவில்லை. முதலில் கேட்டான்.

"இப்ப எப்படிம்மா போடச் சொல்லிக்கீறாங்க? நீங்க சொல்லுங்க, நான் பார்க்கறேன்."