கனவில் மணி என்ன?

"ஐந்து நிமிடம் தூங்கினால் கனவுக்குள் ஒரு மணி நேரம் ஓடிவிடும் என்று 'இன்செப்ஷன்' படத்தில் சொல்கிறார்களே, அது நிஜமா?" என்று ஒரு கல்லூரி மாணவர் எழுதிக் கேட்டிருக்கிறார். அந்தப் படத்தைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் கடைசிக் காட்சியில் மேசைமேல் சுழலும் பம்பரத்தில்தான் பேச்சு வந்து நிற்கும். இவர் பம்பரத்தை விட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பிடித்திருக்கிறார். கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

2010 ஜூலையில் படம் வெளியானபோது, பம்பரம் விழுமா விழாதா, பார்த்தது நனவா கனவா என்று தெரியுமுன் திரை இருண்டதும் அரங்கம் முழுக்க ஒரு முனகல் எழும். இயக்குநர் கிறிஸ்டோபர் நோலனே 2015ல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் பட்டமளிப்பையொட்டிய விழாவில் இதைச் சொன்னார். தியேட்டரின் பின்வரிசையில் நின்று பார்ப்பாராம். யாரும் பிடித்துக் கேள்வி கேட்பதற்குள் நழுவிவிடுவாராம். கதாநாயகன் காப்பின் மாமனாராக நடித்த மைக்கேல் கெய்ன், தான் இருக்கும் காட்சிகளெல்லாம் நனவு என்று நோலன் தன்னிடம் சொன்னதாக 2018ல் தெரிவித்தார். கடைசிக் காட்சியில் அவர் இருக்கிறார், ஆகவே அது நனவுதான் என்று ஒரு கூட்டம் கொண்டாடியது. காப்பின் விரலில் கல்யாண மோதிரம் எந்தெந்தக் காட்சியில் இருக்கிறது என்று ஃபிரேம் ஃபிரேமாகப் பார்த்து வாதாடியவர்களும் உண்டு.

இவ்வளவு சந்தேகப்பட்ட ரசிகர்கள் ஒன்றை மட்டும் சந்தேகப்படவே இல்லை. கனவுக்குள் காலம் நீளும் என்பதை எல்லோரும் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டார்கள். படத்தின் கணக்கு சுத்தமாகத்தான் இருக்கிறது. சாதாரண மருந்தில் 12 மடங்கு, யூசுஃப் என்ற பாத்திரம் தயாரிக்கும் மயக்கமருந்தில் 20 மடங்கு. சிட்னியிலிருந்து லாஸ் ஏஞ்சலீஸ் போகும் பத்து மணி நேரப் பயணம் முதல் கனவில் ஒரு வாரம். அந்தக் கனவுக்குள் காணும் கனவில் ஆறு மாதம். அதற்கும் கீழே பத்து வருடம். பெருக்கிப் பாருங்கள், ஏறக்குறைய சரியாக வரும். வேன் ஒன்று பாலத்திலிருந்து ஆற்றில் விழும் சில விநாடிகளுக்குள் ஒரு ஹோட்டல் சண்டையும் ஒரு பனிமலைப் போரும் நடந்து முடிவதை நாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது இந்தக் கணக்கை நம்பியதால்தான். நம்பியதற்கும் காரணம் உண்டு. அலாரத்தை அணைத்துவிட்டு மறுபடி படுத்த ஐந்து நிமிடத்துக்குள் ஊருக்குப் போய், கல்யாணத்தில் சாப்பிட்டு, திரும்பி வரும் வழியில் செருப்பைத் தொலைத்த அனுபவம் யாருக்குத்தான் இல்லை?

இந்த நம்பிக்கைக்குப் பழைய ஆதாரம் ஒன்று உண்டு. அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிரான்சில் ஆல்ஃபிரட் மோரி என்ற அறிஞர், பிரெஞ்சுப் புரட்சியில் தான் விசாரிக்கப்பட்டு, தண்டிக்கப்பட்டு, கில்லட்டினில் தலை வைப்பதாகக் கனவு கண்டு விழித்தார். பார்த்தால் கட்டிலின் தலைமாட்டுச் சட்டம் கழுத்தில் விழுந்து கிடந்தது. சட்டம் விழுந்த நொடியில்தான் அந்த நீண்ட கனவு முழுவதும் உருவாகியிருக்க வேண்டும் என்று முடிவு கட்டினார். 1861ல் வெளியான அவருடைய நூல் வழியாக இந்தக் கதை ஐரோப்பா முழுக்கப் பரவியது. ஃப்ராய்டும் அதை எடுத்து விவாதித்தார். ஒரே ஒருவர், ஒரே ஒரு கனவு, எழுதியதோ நினைவிலிருந்து. இதை நம்பி ஒரு நூற்றாண்டு ஓடியது.

அளந்து பார்க்க 1950கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் 1953ல் அசெரின்ஸ்கியும் கிளெய்ட்மனும் ரெம் உறக்கத்தைக் கண்டுபிடித்தார்கள். மூடிய இமைகளுக்குள் கண்கள் விறுவிறுவென்று ஓடும் அந்தக் கட்டத்தில் எழுப்பினால், பெரும்பாலும் கனவு கண்டுகொண்டிருந்ததாகவே சொல்கிறார்கள். 1957ல் டெமென்ட்டும் கிளெய்ட்மனும் ஒரு எளிய சோதனை செய்தார்கள். ரெம் தொடங்கி 5 நிமிடம் ஆனதும் அல்லது 15 நிமிடம் ஆனதும் எழுப்பி, 'எவ்வளவு நேரமாகக் கனவு கண்டீர்கள், ஐந்தா, பதினைந்தா?' என்று கேட்டார்கள். 111 தடவை எழுப்பியதில் 92 தடவை சரியான பதில் வந்தது. கனவு ஒரே நொடியில் வெடிக்கும் பட்டாசாக இருந்தால் இது சாத்தியமே இல்லை.

அடுத்த ஆண்டு டெமென்ட், வோல்பெர்ட்டுடன் சேர்ந்து, தூங்குகிறவர்கள்மேல் குளிர்ந்த தண்ணீரைத் தெளித்துப் பார்த்தார். 33 தடவையில் 14 தடவை, அதாவது 42 சதவீதம், தண்ணீர் ஏதோ ஒரு வடிவில் கனவுக்குள் புகுந்தது. படத்தில் காப்பைத் தொட்டியில் தள்ளியதும் கனவு மாளிகையின் ஜன்னல்களை உடைத்துக்கொண்டு வெள்ளம் வருமே, அந்தக் காட்சிக்கு நான் முழு மதிப்பெண் தருவேன். ஆனால் அதே சோதனை படத்தின் கடிகாரத்தைக் கவிழ்க்கவும் செய்கிறது. கனவில் எந்த இடத்தில் தண்ணீர் வந்தது, அதற்குப் பிறகு என்னென்ன நடந்தது என்று கேட்டு, அவ்வளவும் நிஜத்தில் நடக்க எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று கணக்கிட்டார்கள். தண்ணீர் தெளித்ததற்கும் எழுப்பியதற்கும் இடையிலான நேரத்தோடு அது ஒத்துப்போனது.

இவையெல்லாம் விழித்தபின் கேட்டு வாங்கிய வாக்குமூலங்கள். கனவு நடந்துகொண்டிருக்கும்போதே உள்ளே இருப்பவர் 'இப்போது ஆரம்பிக்கிறேன், இப்போது முடித்தேன்' என்று வெளியே சொன்னால்தான் கடிகாரத்தை நேருக்கு நேர் வைக்க முடியும். தூங்குகிறவர் எப்படிச் சொல்வார்? வழி கண்ணில் இருந்தது. கனவு ஆராய்ச்சி முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

மின்வெட்டு நேரத்து வீடு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். மெயின் லைனில் கரண்ட் இல்லை. கிரைண்டர் ஓடாது, மோட்டார் ஓடாது, ஏசி ஓடாது. ஒரு ட்யூப்லைட்டும் ஒரு ஃபேனும் மட்டும் இன்வெர்ட்டர் லைனில். ரெம் உறக்கத்தில் உடம்பின் நிலை இதுதான். மூளைத்தண்டிலிருந்து இறங்கும் கட்டளையால் கிளைசின், காபா ஆகிய வேதிப்பொருள்கள் தண்டுவடத்தின் இயக்க நரம்புகளை அடக்கிவிடுகின்றன. கை கால்கள் துவண்டு கிடக்கும். மூச்சை நடத்தும் உதரவிதானம் என்ற ஃபேனும் கண்தசைகள் என்ற ட்யூப்லைட்டும் மட்டும் ஓடும். உள்ளே மூளை சும்மா இருப்பதில்லை. ஓடு, ஏறு, அடி என்று கிரைண்டர் சுவிட்சைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருக்கும், கல் சுற்றாது. சில நேரம் வீட்டுக்காரர் விழித்துவிடுவார், மெயின் மட்டும் திரும்பியிருக்காது. நெஞ்சில் ஏதோ உட்கார்ந்திருப்பது போலிருக்கும், கையைத் தூக்க முடியாது. அமுக்குவான் பேய் என்று நம் வீடுகளில் பயந்தது பெரும்பாலும் இதைத்தான். சிலருக்கு மெயின் துண்டிக்கப்படுவதே இல்லை. நள்ளிரவில் கிரைண்டர் தானாக ஓடும். கனவில் குத்துவதை நிஜமாகவே பக்கத்தில் படுத்திருப்பவர்மேல் குத்துவார்கள். வயதானவர்களிடம் இது பார்க்கின்சன் நோயின் முன்னறிவிப்பாகவும் இருக்கக்கூடும் என்பதால் டாக்டரிடம் காட்டியாக வேண்டும்.

எரிகிற அந்த ட்யூப்லைட்டை உள்ளே இருப்பவர் முன்கூட்டியே பேசிவைத்தபடி அணைத்து அணைத்துப் போட்டால், எதிர்வீட்டுக்காரர் படித்துக்கொள்ளலாம் இல்லையா? 1975 ஏப்ரலில் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹெர்ன் இதைத்தான் செய்தார். தான் காண்பது கனவு என்று தெரிந்துகொண்டே கனவு காணும் லூசிட் கனவு, ஆலன் வோர்ஸ்லி என்பவருக்கு அடிக்கடி வரும். இது கனவு என்று உள்ளே உணர்ந்ததும் கண்ணை இடமும் வலமுமாக எட்டுத் தடவை ஓட்ட வேண்டும் என்பது ஏற்பாடு. உறக்கம் கலையாமலேயே, ஓடும் வரைபடத் தாளில் அந்த எட்டு அசைவுகளும் வரிசையாகப் பதிந்தன. ஒரு கனவுக்குள்ளிருந்து வெளியே வந்த முதல் செய்தி அது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் ஸ்டீஃபன் லபெர்ஜ் தனியாக இதே வழியைக் கண்டடைந்து 1981ல் வெளியிட்டார். கனவில் பத்து விநாடி எண்ணச் சொன்னார். தொடக்கத்தில் ஒரு கண்ணசைவு, முடிவில் ஒன்று. வெளியே இருந்த கடிகாரத்தில் சராசரியாக 13 விநாடி. அதே ஆட்கள் விழித்திருந்து எண்ணியபோதும் ஏறத்தாழ அவ்வளவுதான் ஆனது.

பிறகு ஜெர்மனியில் டேனியல் எர்லாக்கரும் மைக்கேல் ஷ்ரெடிலும் கனவில் தோப்புக்கரணம் போலக் குந்தி எழச் சொன்னார்கள். 2004ல் வந்த அந்த முடிவு படத்தின் கணக்கை நேர் எதிராகத் திருப்பிவிட்டது. எண்ணுவதற்கு விழிப்பில் ஆகும் நேரம்தான் கனவிலும் ஆனது. குந்தி எழுவதற்கோ கனவில் 40 சதவீதத்துக்கும் மேல் கூடுதல் நேரம் பிடித்தது. ஐந்து நிமிடத்துக்குள் ஒரு மணி நேரத்து வேலை முடிவது இருக்கட்டும், ஐந்து நிமிட வேலையே ஐந்து நிமிடத்தில் முடியவில்லை! லூசிட் கனவு காண்பவர்கள் குறைவு என்பதால் இந்தச் சோதனைகள் சிறியவை. ஆனாலும் 2014ல் இதே குழுவினர் நடை, உடற்பயிற்சி எல்லாவற்றையும் வைத்துப் பார்த்தபோதும் கனவு வேகமாக ஓடுவதற்கான தடயம் கிடைக்கவில்லை, மந்தம்தான் தெரிந்தது. ஏன் மந்தம்? தசையிலிருந்து பதில் வராததால் இருக்கலாம் என்கிறார்கள். கல் சுற்றும் சத்தம் கேட்டால்தானே மாவு எந்தப் பதத்தில் இருக்கிறது என்று தெரியும், அடுத்த கை தண்ணீர் விட முடியும்? சத்தமே இல்லாத கிரைண்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவர் கொஞ்சம் கூடுதலாகத்தான் காத்திருப்பார்.

அப்படியானால் ஐந்து நிமிடத் தூக்கத்தில் கல்யாணத்துக்குப் போய்த் திரும்பியது? அதற்கு நோலனின் படமே விளக்கம் சொல்கிறது. 148 நிமிடத்தில் பல கண்டங்களைச் சுற்றுகிறோம், பத்து மணி நேர விமானப் பயணம் முடிகிறது. யாரும் வாட்சைப் பார்த்துக் குறை சொல்வதில்லை, காரணம் நடுவில் வெட்டியிருக்கிறார்கள். காப், புதிதாகச் சேர்ந்த ஆரியட்னியிடம் பாரிஸ் ஓட்டலில் உட்கார்ந்து 'நாம் இங்கே எப்படி வந்தோம்?' என்று கேட்பான், அவளுக்குச் சொல்லத் தெரியாது. கனவு தாவித் தாவிப் போகிறது. பஸ் பயணம் கனவில் நடப்பதே இல்லை, இறங்கியது மட்டும் நடக்கிறது. நடுவே போயிருக்க வேண்டிய நேரத்தை விழித்தபின் நாம்தான் இட்டு நிரப்பிக்கொள்கிறோம். இதை அந்த ஒரு காட்சியில் துல்லியமாகக் காட்டிய படம், கடிகாரத்தை நீட்டாமலேயே கதையைச் சொல்லியிருக்கலாம் என்பது என் மனக்குறை.

கடைசியாக 2021ல் ஒரு பெரிய அடி எடுத்து வைத்தார்கள். அமெரிக்கா, பிரான்ஸ், ஜெர்மனி, நெதர்லாந்து ஆகிய நாடுகளின் நான்கு ஆய்வகங்கள் சேர்ந்து, ரெம் உறக்கத்தில் இருந்தவர்களிடம் வெளியிலிருந்து கேள்வி கேட்டன. 36 பேர் பங்கேற்றார்கள். 158 தடவை கேட்டதில் சரியான பதில் வந்தது 18 சதவீதத்துக்குச் சற்று மேல். 60 சதவீதத்துக்கு மேல் பதிலே இல்லை. இந்த எண்களை அவர்களே பதிப்பித்தார்கள், அதனால்தான் அந்தச் சோதனையை நம்புகிறேன். 2024 அக்டோபரில் ஒரு கலிஃபோர்னிய நிறுவனம், இரண்டு பேரைக் கனவுக்குள்ளேயே ஒரு சொல்லைப் பரிமாறிக்கொள்ள வைத்துவிட்டதாகச் செய்தி வெளியிட்டது. உலகம் முழுக்க 'இன்செப்ஷன் நிஜமாகிவிட்டது' என்று தலைப்பு வந்தது. அறிவிப்பு வந்தபோது சக ஆய்வாளர்கள் சரிபார்த்த கட்டுரை எதுவும் கூடவே இல்லை. தோல்விகளின் எண்ணிக்கையைச் சொல்லாமல் வெற்றியை மட்டும் சொல்லும் கனவுச் செய்தியை நான் சட்டை செய்வதில்லை.

நம் மாணவரின் கேள்விக்கு 2021 சோதனை, அதன் நோக்கத்தில் இல்லாத ஒரு பதிலையும் தருகிறது. படத்தில் விழிப்புக்கு அடையாளமாக ஒலிக்கும் எடித் பியாஃபின் பாட்டு, கனவுக்குள் இறங்கும்போது இழுபட்டுக் கனத்த முழக்கமாகக் கேட்கும். ஹான்ஸ் ஸிம்மரின் இசையில் நம் நாற்காலியை அதிரவைத்த முழக்கம் அதுதான். படத்தின் தர்க்கப்படி அது சரி. அதே தர்க்கத்தை ஒரு கேள்விக்குப் போட்டுப் பாருங்கள். கனவு 20 மடங்கு வேகமாக ஓடினால், வெளியே மூன்று விநாடியில் கேட்ட கேள்வி உள்ளே ஒரு நிமிடம் இழுபடும். 200 ஹெர்ட்ஸ் குரல் 10 ஹெர்ட்ஸுக்கு இறங்கும். மனிதக் காது 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே எதையும் ஒலியாகக் கேட்பதில்லை. ஆனால் அவர்களுக்குக் கேட்டது. சிலருக்குக் கனவுக்குள்ளிருந்த கார் ரேடியோவில் வந்த குரலாகக்கூடக் கேட்டது. 'எட்டிலிருந்து ஆறு போனால் எவ்வளவு?' என்று கேட்கப்பட்ட ஓர் அமெரிக்க இளைஞர், தூக்கம் கலையாமலேயே கண்ணை இடமும் வலமுமாக இரண்டு தடவை ஓட்டினார்.