தீராத பாட்டு
டோனா சம்மரின் ஆறு நிமிடப் பாட்டை ஒரு ரசிகர் பதினாறு நிமிடமாக்கினார். யாரையும் கேட்கவில்லை. பிறகு கம்பெனி அதையே விற்றது.

பாட்டு முடிந்துவிடக் கூடாது. 1970களில் அமெரிக்க டிஸ்கோ அரங்குகளில் விடிய விடிய ஆடியவர்களுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். இசைத்தட்டுக் கம்பெனிகளின் கணக்கோ வேறு. ரேடியோவில் ஒலிபரப்ப மூன்று நிமிடப் பாட்டு போதும். ஏழு அங்குலத் தட்டிலும் அதற்கு மேல் தாராளமாக இடம் கிடையாது. ஆட்டம் சூடு பிடிக்கும் நேரத்தில் பாட்டு தீர்ந்துவிடும்.

குறையைத் தீர்த்துவைத்தவர்கள் வெளியாட்கள். டாம் மோல்டன் அதுவரை மாடலாக இருந்தவர். நியூயார்க்கை ஒட்டிய ஃபயர் ஐலண்டில், பாட்டு மாறும்போதெல்லாம் ஆட்டக்காரர்கள் கலைந்து போவதைக் கவனித்தார். வீட்டில் உட்கார்ந்து, பாட்டுகளை நீட்டி, ஒன்றோடொன்று கோத்து 45 நிமிட டேப் ஒன்றைத் தயாரித்தார். பின்னர் இதுவே அவர் தொழிலாயிற்று. ஒருமுறை ஏழு அங்குல வெற்றுத் தட்டுகள் தீர்ந்துபோகவே, பொறியாளர் ஹொசே ரோட்ரிகஸ் பெரிய தட்டில் பாட்டைப் பதிந்து கொடுத்தார். வரிகள் அகலமாக விழுந்ததில் பாஸ் ஒலி அதிர்ந்தது. பன்னிரண்டு அங்குல சிங்கிள் பிறந்தது இந்தத் தற்செயலில்தான். 1976-ல் சால்சோல் கம்பெனி ‘டென் பர்சென்ட்’ பாட்டை வால்டர் கிப்பன்ஸ் என்ற டிஜேயிடம் கொடுத்துப் பத்து நிமிடம் வரை நீட்டி, கடைகளிலேயே விற்றது.

அவர்களுக்காவது ஸ்டூடியோ கதவு திறந்தது. பேட்ரிக் கௌலிக்கு அதுவும் இல்லை.

1950-ல் பிறந்த கௌலி, நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரத்துக்காரர். 1971-ல் சான் பிரான்சிஸ்கோவுக்குக் குடிபெயர்ந்து, அங்கே சிட்டி காலேஜில் மின்னணு இசை படித்தார். பிழைப்புக்கு டிஸ்கோவில் விளக்கு இயக்கும் வேலை. 1977-ல் டோனா சம்மரின் ‘ஐ ஃபீல் லவ்’ வெளியானது. மியூனிக்கில் ஜியார்ஜியோ மொரோடரும் பீட் பெலோட்டும் உருவாக்கிய அந்தப் பாட்டில் வயலின் கூட்டம் இல்லை, கிடார் இல்லை. மூக் சிந்தசைசர் ஒன்று நிற்காமல் ஓட, அதன் மேல் அந்தக் குரல். பிரிட்டனில் அது முதலிடத்தைப் பிடித்தது.

கௌலி காதல் கொண்டது இந்தப் பாட்டின் மீது. மறு ஆண்டு அதைக் கையில் எடுத்தார். குரல் தனி, தாளம் தனி என்று பிரித்து வைத்த மூல டேப்புகள் கம்பெனியிடம் இருந்தன. ஊர் பேர் தெரியாத விளக்குக்காரரை நம்பி அவற்றை யார் கொடுப்பார்கள்? இருந்ததெல்லாம் கடையில் விற்ற பாட்டுதான். அதில் குரல் ஓய்ந்து இசை மட்டும் ஓடும் துண்டுகளை எடுத்துத் திரும்பத் திரும்பச் சுழலவிட்டார். அவற்றின் மேல் தன் சிந்தசைசர் ஒலிகளைச் சேர்த்தார்.

டேப்பை பிளேடால் வெட்டி ஒட்டிய காலம் அது. விநாடிக்கு 15 அங்குல வேகத்தில் ஓடும் டேப்பில், நிமிடத்துக்கு 120 தட்டு கொண்ட பாட்டின் ஒரு தட்டுக்கு நீளம் ஏழரை அங்குலம். வெட்டு அரை அங்குலம் பிசகினாலும் ஆடுகிறவர் கால் தடுமாறும். மனிதர் டிரம் வாசித்த பாட்டில் சிக்கல் இன்னும் அதிகம். எவ்வளவு தேர்ந்த கலைஞரும் ஓரிரு இடத்தில் வேகம் கூட்டிக் குறைத்துவிடுவார். இயந்திரம் பிடித்துக் கொடுத்த தாளத்துக்கு அந்தப் பலவீனம் கிடையாது. இந்த வகையில் ‘ஐ ஃபீல் லவ்’ வெட்டி ஒட்டவே பிறந்த பாட்டு.

கௌலியின் பாட்டு ஏறத்தாழ 16 நிமிடம் ஓடுகிறது. வெறும் நீளம் பெரிய விஷயமில்லை. பல்லவியை ஐந்து முறை போட்டால் எந்தப் பாட்டும் நீளும் (இன்று ரசிகர்கள் செய்யும் பலவற்றில் நடப்பது அதுதான்). கௌலி பாதி வழியில் குரலையே எடுத்துவிடுகிறார். பாஸ் மட்டும் ஓடுகிறது. விசில் போலவும் ராக்கெட் போலவும் ஏதேதோ ஒலிகள் வந்து போகின்றன. சம்மர் இனி வரவே மாட்டாரோ என்று கேட்பவர் ஏங்கும் நேரத்தில் குரல் திரும்புகிறது. ஆறு நிமிடப் பாட்டில் இந்த ஏக்கத்துக்கு இடமே இல்லை.

அதை வெளியிட அவருக்கு உரிமை கிடையாது. அசிடேட் தட்டுகளில் பதிந்து டிஜேக்கள் கைமாற்றிக்கொண்டார்கள். சில டஜன் முறை ஓடினாலே தேய்ந்துபோகும் தட்டு அது. 1980-ல் டிஜேக்களுக்கு மட்டும் சந்தா முறையில் தட்டு அனுப்பிவந்த டிஸ்கோநெட் அதைக் குறைந்த எண்ணிக்கையில் வெளியிட்டது. கடைசியில் 1982-ல் பாட்டின் சொந்தக்காரர்களே அதை பிரிட்டனில் விற்பனைக்கு விட்டார்கள். ஐந்து வருடப் பழைய பாட்டு மறுபடி பட்டியலில் ஏறி 21-ம் இடம் வரை போனது.

இதற்குள் கௌலிக்கும் பெயர் வந்திருந்தது. பாடகர் சில்வெஸ்டரின் ‘யூ மேக் மீ ஃபீல்’ பாட்டில் சிந்தசைசர் அவருடையது. 1981-ல் கூட்டாளியோடு சேர்ந்து மெகாடோன் என்ற சொந்தக் கம்பெனியும் தொடங்கினார். ஆனால் உடம்பு தேய்ந்துகொண்டிருந்தது. எய்ட்ஸ் என்ற பெயரே 1982-ல்தான் புழக்கத்துக்கு வந்தது. அந்த நவம்பரில், 32 வயதில், அவர் இறந்தார்.

இதே காரியத்தை இன்று இந்தியாவில் ஒருவர் செய்தால்? பழைய பாட்டைப் புதிதாகப் பாடிப் பதிவு செய்யக் காப்புரிமைச் சட்டம் வழிவிடுகிறது. 2012 திருத்தத்தின்படி ஐந்து ஆண்டு பொறுத்து, ராயல்டி கட்டினால் போதும். மூல ஒலிப்பதிவில் கை வைக்க உரிமையாளரின் அனுமதி வேண்டும். அதாவது லதா மங்கேஷ்கரின் பாட்டை வேறு குரலில் கேட்கலாம். லதாவையே இன்னும் நான்கு நிமிடம் பாடவைக்க முடியாது. ரசிகருக்கு வேண்டியது இரண்டாவதுதான்.

கருவிகள் மட்டும் யாரையும் தடுப்பதில்லை. ஆடாசிட்டி என்ற எடிட்டிங் மென்பொருள் 2000 முதல் இலவசம். 2019-ல் பிரான்ஸின் டீசர் நிறுவனம் ஸ்ப்ளீட்டர் என்ற மென்பொருளை வெளியிட்டது. முடிந்த பாட்டிலிருந்து குரலையும் டிரம்மையும் பாஸையும் தனித்தனியே பிரித்துத் தந்துவிடும். கௌலிக்குக் கிடைக்காத மூல டேப்புக்கு ஈடாக ஒன்று, ஏறக்குறைய, எந்தக் கல்லூரி மாணவரிடமும் இப்போது இருக்கிறது.

கௌலியின் பழைய டேப்புகள் 2013-லிருந்து தட்டுகளாக வெளிவரத் தொடங்கின. கல்லூரி நாட்களில் அவர் செய்து பார்த்த இசையும் அவற்றில் உண்டு. அனுமதியில்லாமல் அவர் நீட்டிய அந்தப் பதினாறு நிமிடம் ‘பேட்ரிக் கௌலி மெகாமிக்ஸ்’ என்று அவர் பெயரிலேயே அழைக்கப்படுகிறது.