மைதானம் யாருக்கு? – 6: பதினான்கு வயதுக்குப் பிறகு

அக்கரைப்பற்றிலிருந்து கல்முனை வரை எந்தப் பாடசாலையின் இல்ல விளையாட்டுப் போட்டிக்குப் போனாலும் சிறுமிகள் ஓடுவதைப் பார்க்கலாம். எல்லே அடிப்பார்கள், வலைப்பந்தாட்டம் ஆடுவார்கள், அஞ்சலோட்டத்தில் மூச்சிரைக்க வந்து கோலைக் கொடுப்பார்கள். பிள்ளை பெரியபிள்ளையானதும் இந்த ஓட்டம் மெல்லக் குறைகிறது. சாதாரண தரப் பரீட்சையோடு பலருக்கு அது முடிந்தே போகிறது. இது எங்கள் ஊருக்கு மட்டும் உரிய கதை என்று நினைப்பவர்களுக்காக இந்த வாரம் அவுஸ்திரேலியாவுக்குப் போவோம்.

அந்த நாட்டுக்கென்றே ஓர் உதைபந்தாட்டம் இருக்கிறது. பந்தும் நீள்வட்டம், மைதானமும் நீள்வட்டம். பந்தைக் கையில் ஏந்தி ஓடலாம், காலால் உதைக்கலாம்; எறிய மட்டும் கூடாது, ஒரு கையில் வைத்து மறுகை முஷ்டியால் குத்தித்தான் அனுப்ப வேண்டும். நடுக் கம்பங்கள் இரண்டுக்கும் இடையே உதைத்தால் 6 புள்ளிகள். எதிரணியினரைப் பிடித்து விழுத்துவதும் ஆட்டத்தில் சேர்த்தி. இந்த முரட்டு ஆட்டத்தைப் பெண்கள் 1915லேயே பேர்த் நகரில் ஆடியிருக்கிறார்கள். கடைகளில் வேலை செய்த பெண்கள் அவர்கள். ஆனாலும் விக்டோரியா மாநிலத்தில் பெண்களுக்கென்று ஒரு லீக் உருவாக 1981 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவும் நான்கே அணிகளோடு.

அந்தக் காலத்தில் அங்கே சிறுமிகள் ஆண்பிள்ளைகளோடு சேர்ந்து ஆட முடிந்தது. குறித்த வயது வந்ததும் நிறுத்திவிட வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு அவர்கள் வயதுக்கு அணியும் இருக்கவில்லை, போட்டியும் இருக்கவில்லை. 2003இல் மெல்பேர்னில் மூன்று சிறுமிகள் இதை எதிர்த்துத் தீர்ப்பாயத்தின் கதவைத் தட்டினார்கள். அவர்களில் வயது கூடியவர்களுக்குத் தீர்ப்பு சாதகமாக வரவில்லை. ஆனால் அந்த வழக்கு எழுப்பிய கேள்விக்கு யாரோ பதில் சொல்லத்தான் வேண்டியிருந்தது. 2004இல் விக்டோரியாவில் பெண்பிள்ளைகளுக்கென இளையோர் போட்டி தொடங்கியது. அந்த மூவரில் ஒருவரான பென்னி கூலா-ரீட், 2017இல் கொலிங்வூட் கழகத்துக்காகப் பெண்களின் முதல் தேசியத் தொடரில் ஆடினார்.

அந்தத் தொடரின் முதல் ஆட்டம் 2017 பெப்ரவரி 3ஆம் திகதி மெல்பேர்னில் நடந்தது. 24,568 பேர் உள்ளே வந்ததும் வாயிற்கதவுகளை மூட வேண்டியதாயிற்று. வெளியே நின்றவர்களிடம் லீக்கின் தலைமை அதிகாரியே போய் மன்னிப்புக் கேட்டார். 2019 இறுதிப் போட்டிக்கு அடிலெய்டில் 53,034 பேர் வந்தார்கள். எட்டு அணிகளோடு தொடங்கிய தொடரில் 2022 முதல் ஆண்கள் லீக்கின் பதினெட்டுக் கழகங்களுக்கும் பெண்கள் அணி இருக்கிறது. பெண்கள் ஆடினால் யார் பார்க்க வருவார்கள் என்று கேட்டவர்களுக்கு இதைவிட வேறு பதில் தேவையில்லை.

எங்கள் ஊருக்கு இன்னும் நெருக்கமான கதை மேற்கு சிட்னியில், ஓபர்ன் என்ற இடத்தில் இருக்கிறது. முஸ்லிம் குடும்பங்கள் நிறைந்த பகுதி அது. 2011இல் ஆம்னா கர்ரா-ஹசன் என்ற இளம்பெண் முன்னின்று அங்கே இதே ஆட்டத்துக்கென ஒரு பெண்கள் அணியை உருவாக்கினார். ஆடியவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம் பெண்கள். முக்காடு போட்டவர்கள் முக்காட்டோடும், நீண்ட கைச்சட்டையும் நீண்ட காற்சட்டையும் உடுத்தும் ஆடினார்கள். மார்க்கத்தை விட்டுவிட்டு வா என்று மைதானம் அவர்களிடம் கேட்கவில்லை. மைதானத்தை விட்டுவிடு என்று மார்க்கத்தின் பெயரால் சொல்ல அவர்களும் யாரையும் விடவில்லை. லெபனான் வழிவந்த குடும்பத்துப் பிள்ளையான ஹனீன் ஸ்ரேய்கா அந்தக் கழகத்தில் ஆடிப் பழகியவர். 2019இல் தேசியத் தொடரில் ஆடிய முதல் முஸ்லிம் பெண் என்ற இடம் அவருக்குக் கிடைத்தது. அந்தப் பக்கத்தில் ஓர் அணி இல்லாதிருந்தால் அவருடைய திறமை வீட்டு முற்றத்தோடு நின்றிருக்கும்.

உடை ஒரு தடையே அல்ல. நாங்கள் ஆடும் உதைபந்தாட்டத்தின் உலகச் சம்மேளனமான பீஃபாவே 2014இல் தலையை மூடி ஆட அனுமதி கொடுத்துவிட்டது. எங்கள் ஊரில் தடை வேறு இடத்தில் இருக்கிறது. மாலையில் மைதானம் முழுவதும் ஆண்பிள்ளைகளின் கையில். பெண் பயிற்றுவிப்பாளர்கள் அரிது. பாடசாலையை விட்டு வெளியே வந்த குமருப்பிள்ளைக்குச் சேர்ந்துகொள்ள ஒரு கழகம் இல்லை. பிள்ளைக்கு ஆசை இல்லை என்று நாங்கள் சொல்லிக்கொள்கிறோம். அவள் ஏறிப் போக அடுத்த படியை நாங்கள் கட்டவே இல்லை என்பதுதான் உண்மை.

கட்டுவதற்குப் பெரிய செலவில்லை. மாநகர சபைகளும் பிரதேச சபைகளும் தங்கள் மைதானங்களில் கிழமைக்கு இரண்டு மாலைகளைப் பெண்களுக்கென்றே ஒதுக்கட்டும். விளையாட்டுக் கழகங்கள் பெண்கள் பிரிவொன்றைத் தொடங்கட்டும். விளையாட்டுத்துறையில் படித்த எங்கள் ஆசிரியைகளைப் பயிற்றுவிப்பாளர்களாக அமர்த்தட்டும். வாப்பாமாரே, உம்மாமாரே, மகள் பந்தைக் கேட்டால் வயதைக் காட்டி மறுக்காதீர்கள். அவளுக்கான மைதானம் எங்கே என்று உங்கள் சபை உறுப்பினரிடம் கேளுங்கள்.

(தொடரும்)