குழிக்குள்ளே ஒரு பசு

பல்லாங்குழிப் பலகையில் ஒரு பசு ஒளிந்திருக்கிறது, தெரியுமா உங்களுக்கு?

இந்தப் பக்கம் ஏழு குழி, அந்தப் பக்கம் ஏழு குழி. உள்ளே புளியங்கொட்டையோ சோழியோ. ஒரு குழியை அள்ளி, குழிக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டே போவோம். அப்படிப் போடும்போது ஒரு குழியில் சரியாக நாலு காய் சேர்ந்துவிட்டால், அதற்குப் பெயர்தான் 'பசு'! ஊருக்கு ஊர் ஆட்ட விதி கொஞ்சம் மாறும். ஆனால் பல ஊர்களில், அந்தக் குழி யார் பக்கம் இருக்கிறதோ, பசு அவருக்குத்தான். காயைப் போட்டது எதிராளியாகவே இருந்தாலும் சரி!

இதில்தான் எனக்குப் பிடித்த சங்கதி இருக்கிறது. பாட்டி ஆடிக்கொண்டிருப்பார். எதிரே உட்கார்ந்திருக்கும் பேத்திக்கு அப்போது முறை இல்லை. ஆனாலும் கண்ணை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் திருப்ப முடியாது. தன் குழியில் மூன்று காய் கிடக்கிறது. பாட்டியின் கை நெருங்கி வருகிறது. 'டக்' என்று நாலாவது காய் விழுந்ததும், "பசு!" என்று சொல்லி அள்ளிவிட வேண்டும். அசந்துவிட்டால் இன்னொரு காய் விழுந்து நாலு அஞ்சாகிவிடும். பசு போயே போச்சு!

தன் முறை வராதபோதும் விழிப்பாக இருக்க, சத்தமில்லாமல் சொல்லிக்கொடுக்கிறது இந்தப் பலகை. எண்ணிக்கையும் கூடவே விரலில் ஏறிவிடும்.

உங்கள் வீட்டுப் பரணில் பல்லாங்குழி இருக்கிறதா? இன்று சாயங்காலம் தூசு தட்டி எடுங்களேன். புளியங்கொட்டை அடுப்பங்கரையிலேயே கிடைக்கும்!