புறநகரில் ஒரு பாரசீக விருந்து

1979ஆம் ஆண்டு ஈரானில் புரட்சி ஏற்பட்டது. அதனைத் தொடர்ந்து தாயகத்தைவிட்டு வெளியேறிய ஈரானியர் பலர் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரத்தில் குடியேறினர். அந்நகரின் புறநகர்ப் பகுதிகளில் இன்று பாரசீக உணவகங்கள் பலவற்றைக் காணலாம்.

உணவகத்தில் அமர்ந்ததும் மெல்லிய ரொட்டி, பச்சை வெங்காயம், புதினா முதலிய இலைகள் மேசைக்கு வரும். அடுத்து, குங்குமப்பூ மணக்கும் சோறும் நெருப்பில் வாட்டிய இறைச்சியும் பரிமாறப்படும். இதனைச் 'செலோ கெபாப்' என்பர். புளிப்பான சுமாக் தூளை அதன்மேல் தூவி உண்பது வழக்கம்.

ஆனால், பலரும் ஆவலுடன் எதிர்பார்ப்பது 'தாதிக்' ஆகும். இச்சொல்லுக்குப் 'பானையின் அடி' என்பது பொருள். அரிசியை அரைவேக்காட்டில் வடித்து, எண்ணெய் ஊற்றிய பானையில் இடுவர். பின்னர், துணி சுற்றிய மூடியால் மூடிச் சிறுதீயில் வேகவைப்பர். துணி நீராவியை உறிஞ்சுவதால் மேற்சோறு உதிரியாக இருக்கும். அடிச்சோறு பொன்னிறமாக மொறுமொறுக்கும். தீ கூடினால் கருகிவிடும்; குறைந்தால் மொறுமொறுப்பு வராது. ஒரு பானையில் சிறிதளவே கிடைப்பதால் அதனை விருந்தினருக்கு முதலில் கொடுப்பர்.

உண்டு முடித்ததும், "நான்தான் பணம் கட்டுவேன்" என்று ஒவ்வொருவரும் வற்புறுத்துவர். இந்த உபசாரப் பண்பின் பெயர் 'தாரோஃப்'.

அயல்நாட்டில் பிறந்த பிள்ளைகள் பலர் ஈரானை நேரில் கண்டதில்லை. தாத்தா பாட்டியின் மொழியையும் பழக்கத்தையும் அவர்கள் கற்றுக்கொள்ளும் இடங்களுள் இந்த உணவு மேசையும் ஒன்றாகும்.